பிள்ளையை ஒப்படைத்தோம்; பொறுப்பையுமா?

பிள்ளை பிறந்தது. காதில் பாங்கு சொன்னோம். ஏழாம் நாள் முடி களைந்து, அகீகா கொடுத்து, அழகான பெயரும் வைத்தோம். நாலு வயதானதும் பிஸ்மில்லாஹ் சொல்லி மக்தபில் உட்கார வைத்தோம். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அத்துடன் நம் வேலை தீர்ந்தது என்று நம்மில் அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மீதியெல்லாம் வாத்தியார் பாடு! பிள்ளை நன்றாகப் படித்தால் நம் வீட்டு மூளை. படிக்காவிட்டால் வாத்தியார் சரியில்லை. பிள்ளை அடக்கமாக இருந்தால் நம் பரம்பரை. தறிகெட்டுத் திரிந்தால் பள்ளிக்கூடம் சரியில்லை. இந்தக் கணக்கு அல்லாஹ்வின் திருமுன் செல்லுபடியாகுமா என்பதைத்தான் இம்மாதம் சற்றுச் சிந்திக்கப் போகிறோம்.

திருமறையின் 66-வது அத்தியாயமாகிய தஹ்ரீம் சூராவின் 6-வது ஆயத்தில், ஈமான் கொண்டோர் தம்மையும் தம் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும் என்று வல்ல அல்லாஹ் கட்டளையிடுகிறான். கட்டளை யாருக்கு? வீட்டாருக்கு. அந்த ஆயத்தில் வாத்தியாரைக் காணோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒவ்வொருவரையும் மேய்ப்பருக்கு ஒப்பிட்டு, ஆண் தன் குடும்பத்தைப் பற்றியும், பெண் தன் கணவனின் வீட்டையும் பிள்ளைகளையும் பற்றியும் விசாரிக்கப்படுவார்கள் என்று எச்சரித்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் பதிவாகியிருக்கிறது. ஆட்டைக் கூலிக்காரனிடம் மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டவன், மாலையில் எண்ணிப் பார்க்காமலா பட்டியை அடைக்கிறான்? நாமோ பன்னிரண்டு வருஷம் எண்ணிப் பார்க்காமல் இருந்துவிட்டு, பரீட்சை முடிவு வருகிற அன்று ஆடு எங்கே என்று கேட்கிறோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், பிள்ளை என்பது பெற்றோர் கையில் கொடுக்கப்பட்ட அமானிதம் என்று எழுதியிருக்கிறார்கள். அமானிதத்தைப் பகல் நேரத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைப்பதில் தவறில்லை. ஆனால் கேள்வி கணக்கு நம்மை விட்டுப் போய்விடாது.

சரி, அந்தக் கொடுத்துவைத்த இடத்தில் இருக்கிற மனிதரின் நிலைமை என்ன? ஆசிரியர் வேலை என்றால் பத்து மணிக்குப் போய் நாலு மணிக்கு வருகிற வேலை, வருஷத்தில் பாதி நாள் விடுமுறை என்று திண்ணையில் பேசுகிறோம். நம் நாட்டின் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. பாடத்துக்குத் தயார் செய்கிற நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம் ஆசிரியர் உழைக்க வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கூடத்துக்கு 2 ஆசிரியர்கள் என்பதும் அதே அட்டவணைதான். வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இருவர்! ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து, ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’னாவும் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னமும் சொல்லிக் கொடுக்கிறார். நம் வீட்டில் இரண்டு பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சமாளிக்க முடியாமல், ‘எப்போதடா பள்ளிக்கூடம் திறப்பார்கள்’ என்று கேட்கிறவர்கள் நாம்.

இதற்கு மேல் கைத்தொலைபேசியில் வருகைப் பதிவு. கணினியில் ஒவ்வொரு பிள்ளையின் விவரம். சீருடை, காலணி, நோட்டுப் புத்தகம் வந்த கணக்கு, கொடுத்த கணக்கு. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. குடிக்கணக்கு எடுக்கவும், பேரிடர் வேளையிலும், தேர்தலுக்கும் ஆசிரியரை அழைக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவே இடம் கொடுத்திருக்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, படிவமும் கையுமாக நம் வாசற்படி ஏறியவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். ‘வீட்டில் ஆம்பிளை இல்லை, அப்புறம் வாங்க’ என்று எத்தனை வீடுகளில் அவர்களை மூன்று முறை, நாலு முறை நடக்கவிட்டோம்! அவர் நம் தெருவில் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், அவர் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருந்தது நம் பிள்ளைதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய கிதாபை நினைவூட்ட விரும்புகிறோம். மாலிக்கி மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்களின் மகனார் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்), ஹிஜ்ரி 202-ல், அதாவது கி.பி. 817-ல், இன்றைய துனீசியா நாட்டிலுள்ள கைரவானில் பிறந்தவர்கள். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்போரின் ஒழுங்குமுறை பற்றி ‘ஆதாபுல் முஅல்லிமீன்’ என்று ஒரு சிறு நூலை எழுதினார்கள். பாட நேரத்தில் ஆசிரியர் ஜனாஸாவில் கலந்துகொள்ளவோ நோயாளியை நலம் விசாரிக்கவோ வகுப்பை விட்டு எழுந்து போகலாகாது, தவிர்க்க முடியாத நிலை ஏற்பட்டாலன்றி, என்பது அதில் காணும் சட்டம். காரணம், அவர் கூலி பேசி அமர்த்தப்பட்டவர். அந்த நேரம் பிள்ளைகளுக்கு உரியது. ஜனாஸா தொழுகையின் சிறப்பை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கே அனுப்பாமல் காத்த நேரம் அது! ஆட்சியாளர்கள் இதைப் படிக்கப் போவதில்லை. நாமாவது படிப்போம். ஆசிரியர் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது சன்னல் ஓரம் நின்று, ‘சார், ஒரு நிமிஷம்’ என்று அவரை வெளியே இழுக்கிற பழக்கம் நம்மிடம்தானே இருக்கிறது?

தனியார் பள்ளிக்கூடங்களில் கதை வேறு விதம். அங்கே பெரும்பாலும் இளம் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். சம்பளத்தைச் சொல்லவே கூசுவார்கள். கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தாய், ‘என் மகனுக்கு நாளைக்கு என்ன வீட்டுப்பாடம்?’ என்று கேட்பார். பதில் வரவில்லையென்றால் காலையில் நிர்வாகியிடம் புகார். மதிப்பெண் குறைந்தால் நிர்வாகி கூப்பிட்டுக் கேட்பார். நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிக்கூடங்களும் இதற்கு விலக்கல்ல என்பதைக் கசப்புடன்தான் எழுதுகிறோம். குறைந்த சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, ‘இது ஒரு கித்மத் அம்மா’ என்று சொல்வது எளிது. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி வந்துள்ள ஹதீஸ் பேப்பர் திருத்துகிற கைக்குப் பொருந்தாதா?

மக்தபில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இமாமுல் அஃலம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மகனார் ஹம்மாது அல்ஹம்து சூராவை ஓதி முடித்தபோது, இமாம் அவர்கள் உஸ்தாதுக்கு 500 திர்ஹம் அனுப்பினார்கள் என்று வரலாறு கூறுகிறது. இவ்வளவு பெரிய தொகைக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று உஸ்தாது திகைத்தாராம். கையில் இன்னும் இருந்திருந்தால் இன்னும் கொடுத்திருப்பேன் என்று இமாம் அவர்கள் பதில் சொன்னார்களாம். நம் ஊர்களில் மாதச் சந்தாவுக்கு உஸ்தாதே வீடு வீடாக வந்து நிற்கிறார்.

சகோதரர்களே! பணத்தைக்கூட விடுங்கள். ஆசிரியரிடமிருந்து நாம் பறித்துவிட்ட ஒரு பொருள் இருக்கிறது. அது வீட்டுக்குள் அவருக்கிருந்த மரியாதை.

இராச் சோற்றுக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளை சொல்கிறது: “வாப்பா, இன்னைக்கு டீச்சர் என்னை எல்லார் முன்னாலயும் திட்டிட்டாங்க.” வாப்பா கேட்க வேண்டிய கேள்வி, ‘நீ என்னம்மா செஞ்சே?’ என்பது. கேட்பதில்லை. “அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? நாளைக்கு வந்து ரெண்டு கேள்வி கேக்கிறேன் பாரு” என்கிறார். உம்மாவும் தன் பங்குக்கு அந்த டீச்சரின் உடையையும் பேச்சையும் பற்றி நாலு வார்த்தை சேர்க்கிறார். முடிந்தது! மறுநாள் அந்த ஆசிரியை கரும்பலகையில் எதை எழுதினாலும் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் ஏறாது. நாமே மதிக்காத ஒருவரைப் பிள்ளை எப்படி மதிக்கும்? ஒரு செய்தி வந்தால் ஆராய்ந்து தெளிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டளையும், துருவித் துருவிக் குற்றம் தேடுவதும் புறம் பேசுவதும் கூடாது என்ற தடையும் ஹுஜுராத் சூராவில் 6-வது ஆயத்திலும் 12-வது ஆயத்திலும் அடுத்தடுத்து இருக்கின்றன. கீபத் என்பது மாமியார், மருமகள் விஷயத்தில் மட்டும் ஹராம் அல்லவே. ஆசிரியரைப் பற்றிப் பிள்ளையின் காதுபடப் பேசுகிற கீபத்துக்கு இரட்டை நஷ்டம்: நமக்குப் பாவம், பிள்ளைக்குப் படிப்பு போச்சு.

கலீபா ஹாரூன் ரஷீது தம் மகனை மொழியறிஞர் அஸ்மயீ அவர்களிடம் படிக்க அனுப்பியிருந்தார். ஒரு நாள் அஸ்மயீ ஒளுச் செய்துகொண்டிருந்தபோது கலீபா அவ்வழியே வந்தார். ஆசிரியர் தம் காலைத் தாமே கழுவிக்கொள்ள, இளவரசன் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தான். கலீபாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கல்வியும் ஒழுக்கமும் கற்பிக்கத்தானே இவனை உங்களிடம் அனுப்பினேன், ஒரு கையால் தண்ணீர் ஊற்றி மறு கையால் உங்கள் காலைக் கழுவச் சொல்லியிருக்க வேண்டாமா என்று ஆசிரியரைக் கடிந்துகொண்டார். மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ‘தஃலீமுல் முதஅல்லிம்’ என்னும் நூலில் ஸர்னூஜீ (ரஹ்) இதை எழுதியிருக்கிறார்கள். இன்று எந்த ஆசிரியராவது பிள்ளையைக் கால் கழுவச் சொன்னால் வேலை போய்விடும், போகவும்தான் வேண்டும். நாம் காட்ட விரும்புவது அந்தத் தகப்பனின் மனத்தை. ஊரை ஆளுகிறவர், மகனுக்காக ஆசிரியரிடம் சண்டைக்குப் போகவில்லை. மகன் போதிய பணிவு காட்டவில்லையே என்றுதான் சண்டைக்குப் போனார்.

‘நம் பிள்ளைக்கு வாய்த்தவர் வேறு மதத்துக்காரர் ஆயிற்றே’ என்று சிலர் இழுக்கிறார்கள். ஹிஜ்ரி 2-ம் ஆண்டு பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில், மீட்புப் பணம் கொடுக்க வசதியில்லாத, எழுத்தறிந்தவர்கள் மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நேற்று வரை எதிரில் வாளெடுத்து நின்றவரிடம் பிள்ளையை எழுத்துப் படிக்க உட்கார வைத்த சமுதாயம் நாம். நம் பிள்ளைக்குக் கணக்கும் தமிழும் சொல்லித்தர நாள்தோறும் இரண்டு பஸ் மாறி வருகிற சகோதரிக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை எவ்வளவு என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

ஆசிரியர் பக்கம் குற்றமே இராதா என்றால், இருக்கும். முன்பெல்லாம் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறபோது, ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்’ என்று பெற்றோரே சொன்னார்கள். அதை மார்க்கம் என்று நினைப்பது அறியாமை. தொழுகையில் வாய்விட்டுப் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்கள் தம்மைக் கடிந்து விரட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை, அவரைப் போன்ற ஆசிரியரை முன்னும் பின்னும் தாம் கண்டதில்லை என்று சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. முன்னே குறிப்பிட்ட இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்கள் மகனுடைய உஸ்தாதிடம், பாராட்டாலும் இனிய சொல்லாலும் அவனைத் திருத்துங்கள், அடியாலும் வசையாலும் திருந்துகிறவன் அல்ல அவன் என்று சொல்லிவைத்தார்கள். பிள்ளையின் சுபாவத்தை ஆசிரியருக்கு முன்கூட்டியே எடுத்துச் சொன்ன தகப்பனார்! நம்மில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்? இவன் இருட்டுக்குப் பயப்படுவான், இவளுக்கு இடது காது சற்று மந்தம், இவன் வாப்பா சபர் போய் மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், நாற்பது பேரில் ஒருவனாக இருக்கிறவன் ஆசிரியர் கண்ணுக்குத் தனியாகத் தெரிவான்.

அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடுத்துவிட்டது. பிள்ளையிடம் எவரேனும் தகாத முறையில் நடந்துகொண்டதாகத் தெரிந்தால், ஆசிரியராயினும் உஸ்தாதாயினும், மானம் போய்விடுமே என்று மூடி மறைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அன்றே 1098-க்குத் தொலைபேசி செய்யுங்கள். அது வேறு, வீட்டுப்பாடம் எழுதாததற்கு நிற்க வைத்தார் என்று பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போவது வேறு. முதலாவதற்கு வாயடைத்து நிற்கிற ஊர் இரண்டாவதற்குத் திரண்டு போகிறதைப் பார்க்கிறோம்.

இன்னொரு விஷயம். சிறியதாகத் தோன்றும். வியாழக்கிழமை மாமன் மகள் நிக்காஹ். பிள்ளையை மூன்று நாள் கூட்டிக்கொண்டு போகிறோம். திரும்பி வந்ததும் வாப்பா விடுப்புக் கடிதம் எழுதுகிறார்: ‘என் மகனுக்குக் கடும் காய்ச்சல்.’ கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? காய்ச்சல் வராத அந்த மகன்! கையில் மருதாணிச் சிவப்புகூட மறையாத அக்காளும் அதே காய்ச்சல் கடிதத்துடன் அடுத்த வகுப்பில் நிற்கிறாள். ஒரு தாய், ‘வா, ஒன்று தருகிறேன்’ என்று பிள்ளையைக் கூப்பிட்டபோது நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று விசாரித்து, ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தது அபூதாவூதில் இருக்கிறது. ஒரு பேரீச்சம்பழத்துக்கே அப்படி! ஆசிரியர் எத்தனை நீதிபோதனை வகுப்பு எடுத்தாலும், வாப்பாவின் கையெழுத்தோடு படித்த அந்த முதல் பாடத்தை அழிக்க முடியுமா? ‘வீட்டில் நிக்காஹ், அதனால் வரவில்லை’ என்று எழுதினால் ஆசிரியர் என்ன தூக்கிலா போட்டுவிடுவார்?

தாய்மார்களே! ஆண்கள் துபாயிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஊர்களில் முழுச் சுமையும் உங்கள் மீதுதான் விழுகிறது. ‘நான் படிக்காதவள், இங்கிலீஷ் பாடத்துக்கு நான் என்ன செய்வேன்?’ என்கிறீர்கள். இமாம் ஷாபியீ (ரஹ்) அவர்களின் தாயார் கணவரை இழந்தவர்கள்; உஸ்தாதுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. உஸ்தாது இல்லாத நேரத்தில் மகன் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாட்டில் படிப்பு நடந்தது. எழுதக் காகிதமில்லாமல் எலும்புகளில் எழுதினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் தாயாரோ, மகனுக்கு நல்லாடை உடுத்தி, தலைப்பாகை கட்டிவிட்டு, ரபீஆ (ரஹ்) அவர்களிடம் போ, இல்முக்கு முன்னால் அவர்களின் அதபைக் கற்றுக்கொள் என்று அனுப்பினார்கள். இந்த இரண்டு தாய்மாரும் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாக நாம் படிக்கவில்லை. அனுப்புகிற விதம் தெரிந்து அனுப்பினார்கள்.

நீங்கள் செய்யக்கூடியதும் அவ்வளவே. இஷாவுக்குப் பின் தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூங்க வையுங்கள். சுபுஹுக்கு எழுகிற பிள்ளை வகுப்பில் தூங்காது. மாலையில் பையைத் திறந்து, ‘இன்றைக்கு என்ன நடத்தினார்கள்? எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. சொல்லச் சொல்ல அதற்கே புரியும். அதற்காக மக்தப், பள்ளிக்கூடம், டியூஷன், மறுபடி வீட்டில் படிப்பு என்று காலை ஆறு முதல் இரவு பத்து வரை கட்டிப் போட்டுவிடாதீர்கள். ஓதி வந்த பிள்ளையை விளையாட விட வேண்டும், ஓயாமல் படிப்பில் வாட்டினால் உள்ளம் செத்துப்போகும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் 480 வாங்கினாள் என்று சொல்லிச் சொல்லி நம் பெண்ணின் 410-ஐ மண்ணாக்குவதும் இந்த வாட்டலைச் சேர்ந்ததே.

கடைசியாக ஒரு காரியம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி அரசுப் பள்ளிக்கூடங்களில் மேலாண்மைக் குழு ஒன்று இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. கழிப்பறை பூட்டிக் கிடக்கிறதா, ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதா, குடிதண்ணீர் வருகிறதா என்று கேட்டு எழுதிக் கையெழுத்துப் போடுகிற இடம் அதுதான். ஆசிரியர் தனியாகக் கேட்டால் மேலே கேட்காத காது, பெற்றோர் கூடிக் கேட்டால் கேட்கும். ஆனால் நம் மஹல்லாக்களில் பெயர் மனைவியுடையது, கையெழுத்துப் போடுவது கணவர், பல மாதம் அதுவும் இல்லை. தலைமையாசிரியர் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு தேடி வருகிறார். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கப்படுவதை நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைவதற்கு முன் முத்தவல்லி ஓர் அறிவிப்புச் செய்யட்டும்: இன்று மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம், உறுப்பினராயுள்ள தாய்மார்களை வீட்டார் அவசியம் அனுப்பிவைக்கவும். நிக்காஹ் அழைப்பும் காணாமற்போன சாவிக்கொத்தும் சொல்லப்படுகிற அதே ஒலிபெருக்கிதான். இதற்கென்று தனியாக மின்சாரம் செலவாகாது.